1986 விலையில் போடும் மானியக் கணக்கு

உலக வர்த்தக அமைப்பு விவசாய மானியத்துக்கு வரம்பு வைத்திருக்கிறது, சரி. அதைக் கணக்கிடும் விதம்தான் வேடிக்கை.

அரசு அறிவிக்கும் ஆதரவு விலையிலிருந்து ஒரு ‘குறிப்பு விலை’யைக் கழித்து, மிச்சத்தைத் தகுதியுள்ள விளைச்சலால் பெருக்குவார்கள். குறிப்பு விலை என்பது இன்றைய சந்தை விலை இல்லை. பெரும்பாலான நாடுகளுக்கு அது 1986-88 சராசரி!

கற்பனைக்கு ஒரு கணக்கு: டன்னுக்கு ஆதரவு விலை 300, குறிப்பு விலை 200, விளைச்சல் 10 லட்சம் டன். மானியம் 10 கோடி. இன்று சந்தையில் 320 கிடைக்கிறது, அரசிடம் ஒருவரும் விற்கவில்லை, கஜானாவிலிருந்து காசே போகவில்லை என்றாலும் அதே 10 கோடிதான். விளைச்சலின் மதிப்பு 32 கோடி. வளரும் நாடு அந்த மதிப்பில் 10 சதவீதம் வரை மானியம் தரலாம் என்று விலக்கு என்றால் 3.2 கோடி. வரம்பைத் தாண்டியாச்சு.

சிக்கல் ‘தகுதியுள்ள’ என்ற சொல்லில் இருக்கிறது. அரசு வாங்கிய அளவை அது குறிக்காது, அரசை வாங்கச் சொல்லி விவசாயிகள் கேட்கக்கூடிய அளவு முழுவதையும் குறிக்கும். உலக வர்த்தக அமைப்பில் தென் கொரியா மீது நடந்த மாட்டிறைச்சி வழக்கிலேயே இது முடிவாகிவிட்டது. கோதுமை, நெல் ஆதரவு விலை வழக்கில் 2019-ல் அமெரிக்காவிடம் தோற்ற சீனா, கொள்முதலுக்கு முன்கூட்டியே உச்சவரம்பு அறிவித்தது. பெருக்கும் எண் சுருங்கிவிடும் அல்லவா?

ஜப்பான் இன்னும் கெட்டி. 1990களின் இறுதியில் அரிசிக்கான அரசு விலையையே எடுத்துவிட்டது. காகிதத்தில் மானியம் மளமளவென்று சரிந்தது. உள்நாட்டு அரிசி விலையோ உயரத்திலேயே நின்றது, ஏனென்றால் இறக்குமதியைத் தடுக்கும் சுவர் உயரமாகவே இருந்தது. அந்தச் சுவர் இந்தக் கணக்கில் வராது.