ஐந்து வினாடி: ஒரு லாரி ஓட்டுநரின் நாட்குறிப்பு

ஜூன் 2

இன்று முதல் தம்பி ஸ்டியரிங் பிடிக்கிறான். இரண்டு வருடம் என்னோடு கிளீனராக இருந்தவன். கனரக உரிமம் கைக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. கியர் மாற்றுவதில் குறையில்லை. வளைவுகளில் பின்சக்கரத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறான். ஒரே ஒரு வியாதி, முன்னால் போகும் வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டே போவது. காலையில் ஒரு காரின் பின்கண்ணாடிக்குள் கிடந்த பொம்மைக்கு ஒரு கண் இல்லை என்பது வரை எனக்குத் தெரிந்தது.

"எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறாய்?" என்றேன்.

"முப்பது மீட்டர் தாராளமாக இருக்கும், அண்ணா."

கண்ணால் மீட்டர் அளக்கிறவர்களை நான் நம்புவதில்லை, என்னையும் சேர்த்துத்தான். முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று வாய்விட்டு எண்ணச் சொன்னேன். எங்கள் பம்பர் அந்தக் கம்பத்துக்குப் போய்ச் சேரும்போது எந்த எண்ணில் இருக்கிறோமோ அத்தனை வினாடி இடைவெளி. "ஆயிரத்தொன்று" முடியும் முன்பே கம்பம் பின்னால் போய்விட்டது. அவன் ஒன்றும் பேசவில்லை. காலை மட்டும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தான்.

ஜூன் 3

வண்டியை ஓரங்கட்டியிருந்த நேரத்தில் பழைய சரக்குச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 80 கி.மீ. வேகத்தில் வண்டி வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. முன்னால் சிவப்பு விளக்கைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி. ஏர் பிரேக்கில் காற்று குழாய்களில் ஓடிப்போய், லைனர் என்கிற உராய்வுக் கட்டை சக்கரத்தோடு சுற்றும் டிரம்மைப் பிடிக்க ஏறத்தாழ இன்னும் அரை வினாடி; காரின் பிரேக்கில் இந்தத் தாமதம் இல்லை. ஆக 2 வினாடி, 44 மீட்டர். அதுவரை பிரேக் தன் வேலையைத் தொடங்கவே இல்லை.

ஜெர்மனியின் ஆட்டோபான் சாலைகளில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரி 50 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் முன்வண்டிக்குக் குறைந்தது 50 மீட்டர் விட வேண்டும் என்பது சட்டம். 44 போனால் மிச்சம் ஆறு மீட்டர். அபராதத்திலிருந்து தப்பிக்க அது போதும், எனக்குப் போதாது. நான் பிடித்துக்கொண்டிருப்பது அமெரிக்காவில் கனரக உரிமம் எடுப்பவர்களுக்குச் சொல்லித்தரும் கணக்கு: வண்டி நீளத்தில் பத்து அடிக்கு ஒரு வினாடி, வேகம் மணிக்கு 40 மைலை, அதாவது 64 கி.மீ.யைத் தாண்டினால் மேலும் ஒன்று. எங்கள் வண்டி 40 அடி. ஐந்து வினாடி, 111 மீட்டர்.

"அவ்வளவு இடம் விட்டால் போகிறவன் வருகிறவன் எல்லாம் நுழைவான், அண்ணா."

நுழையத்தான் செய்வான்.

ஜூன் 4

நுழைந்தவர்களை எண்ணச் சொன்னேன். பகல் முழுவதும் 23 வண்டிகள். ஒவ்வொருவரும் நுழைந்ததும் அவரிடமிருந்து பின்வாங்கி மறுபடி ஐந்து வினாடி ஆக்கிக்கொள்ள மூன்று வினாடி இழந்தோம் என்று வைத்தாலும் மொத்தம் 69 வினாடி. லோடு இறக்கும் இடத்தில் கதவு திறக்க அதைவிட அதிக நேரம் காத்திருந்தோம். இருந்தாலும் பதினேழாவது ஆள் நுழைந்தபோது எனக்கே சுருக்கென்றது. நேரம் போனதற்காக இல்லை, என் இடத்தை ஒருவன் எடுத்துக்கொண்டானே என்று. இத்தனை வருட ஓட்டத்துக்குப் பிறகும் அது போகவில்லை.

ஜூன் 7

காலி வண்டி. காலியாக இருந்தால் சட்டென்று நிற்கும் என்று தம்பி நினைத்துக்கொண்டிருந்தான். ஸ்பிரிங் பட்டையும் பிரேக்கும் முழுப் பாரத்துக்காகச் செய்தவை. பாரம் இல்லாவிட்டால் பின்பக்கம் துள்ளும், டயர் தரையைச் சரியாகப் பிடிக்காது, ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஏபிஎஸ் இருந்தால் பூட்டாது. துள்ளலை அது ஒன்றும் செய்யாது.

ஜூன் 9

இறக்கம். நான் ஓட்டினேன். தாழ்ந்த கியர், கூடவே புகை போகும் வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக். பாதி வழியில் எங்களைத் தாண்டிப் போன லாரியிலிருந்து லைனர் கருகும் நாற்றம் வந்தது. சூட்டில் டிரம் விரிந்து லைனரை விட்டு விலகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் மிதி இருக்கும், பிடிப்பு இருக்காது. அந்த லாரிக்கு முன்னால் இருந்த காருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

ஜூன் 12, இரவு

மழை. தம்பிதான் ஓட்டினான். வேகம் 60, ஈரத்துக்காக ஆறு வினாடிக்குக் குறையாமல் விடச் சொல்லியிருந்தேன். முன்னால் தார்ப்பாய் போர்த்திய ஒரு லாரி, பின்னால் இன்னொரு லாரி எங்களை ஒட்டினாற்போல. அவனை விட்டு ஓட வேண்டும் என்று தம்பிக்குத் தோன்றியது. வேண்டாம், முன்னால் இன்னும் இரண்டு வினாடி கூட்டிக்கொள் என்றேன். பின்னால் வருபவன் தராத இடத்தையும் நாம்தான் முன்னால் சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறது.

கொஞ்ச தூரம் போனதும் முன்லாரியின் கயிற்று முடிச்சுகள் தெரிந்தன. அதுவரை வெறும் கறுப்பாக இருந்த தார்ப்பாயில் முதலில் ஒரு முடிச்சு, பிறகு நான்கு, பிறகு கயிற்றின் முறுக்கு. சிவப்பு விளக்கு எதுவும் எரியவில்லை. நான் வாய் திறப்பதற்குள் தம்பி பிரேக்கில் கால் வைத்துவிட்டான். ஓங்கி மிதிக்கவில்லை; இடம் இருந்ததால் அழுத்தி, பிடித்து, மேலும் அழுத்தி நிறுத்தினான். ஹசார்ட் விளக்கை நான் போட்டேன். சாலையில் மரம் விழுந்து வண்டிகள் நின்றிருந்தன.

முன்னால் ஒரு வண்டி நீளத்துக்கு இடம் மிச்சம். பின்னால் வந்தவனின் முகப்பு விளக்குகள் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்து, எங்கள் பின்கதவுக்கு அருகில் முன்பக்கம் குனிந்து நின்றன. நாங்கள் ஓங்கி மிதித்திருந்தால் அவன் எங்கள் மீது ஏறியிருப்பான்.

இறங்கிப் போய் முன்லாரி ஓட்டுநரிடம் உங்கள் பிரேக் விளக்கு எரியவில்லை என்றேன். டார்ச் அடித்துப் பார்த்தால் விளக்கின் மீது விரல் கனத்துக்குச் சேறு.

"பின்னால் வருகிறவனுக்குத்தானே அது, எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். சரியான கோபம் வந்தது. நாலு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

தம்பி எங்கள் வண்டியின் பின்புறம் நின்று, சட்டைக் கையால் இடது விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதிலும் சேறு.