மறுக்கும் உரிமை

போடிமெட்டு ஏறும் ஏலத்தோட்ட ஜீப்பில் இன்றைக்கும் அதே பேச்சு. "பொட்டிப்புரம் மலைக்குள்ள அணுக்கழிவைப் புதைக்கத்தான் நியூட்ரினோன்னு வந்தாங்க அண்ணே." அது நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் கூடம், கழிவுக்கிடங்கு இல்லை என்று விஞ்ஞானிகள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கை உண்டு. ஆனாலும் டெல்லியில் முடிவெடுத்துவிட்டு வந்து விளக்கினால் சனம் எப்படி நம்பும்?

பின்லாந்தில் நிஜமான அணுக்கழிவுக் கிடங்கு, ஒன்காலோ. 400 மீட்டருக்கும் கீழே, பாறைக்குள். அது இருக்கும் யூரயோக்கி ஊர் மன்றம் மறுத்தால் திட்டமே கிடையாது என்பது அங்கே சட்டம். 2000-ல் மன்றத்தில் வாக்கெடுத்தார்கள்; 20 பேர் சரி என்றார்கள், 7 பேர் வேண்டாம் என்றார்கள். அதற்கு அப்புறம்தான், 2001-ல், நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. (பக்கத்திலேயே அணு உலை இருந்து பழகிய ஊர் என்பதும் உண்மை.)

கூடங்குளத்துக் கழிவுக்கு இடம் தேடும்போதும் இடம் பார்க்கும் ஊரின் கிராமசபைக்கு இதே உரிமையைச் சட்டமாகக் கொடுங்கள்.