புதுக்கோட்டைத் தொகுதியை மரத்தில் வெட்டுகிறேன்: குளத்தூர்த் துண்டு அமர்ந்த கதை

நேற்றிரவு பதினொரு மணியளவில் குளத்தூர்த் துண்டு, புதுக்கோட்டைத் துண்டின் தோளோடு தோள் சேர்ந்து, பலகையில் ஆட்டமில்லாமல் அமர்ந்தது. ஐந்து வாரங்களில் இது நான்காவது முயற்சி. கோலாலம்பூரின் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பின்கட்டில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் சிறு மேசையில்தான் என் வேலையெல்லாம் நடக்கிறது. துண்டு அமர்ந்தவுடன் விளக்கை அணைக்க மனம் வராமல் அரைமணி நேரம் அதையே விரலால் தடவிக்கொண்டிருந்தேன்.

நான் செய்துகொண்டிருப்பது இரண்டு பலகைகள். முதல் பலகை, 1977 முதல் 2004 வரை தேர்தல் கண்ட புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி. குளத்தூர் (தனி), புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, பேராவூரணி ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் ஆறு துண்டுகளாகக் கழன்று வரும். இரண்டாம் பலகை, தொகுதி எல்லைகளைப் புதிதாக வரைந்த 2008ஆம் ஆண்டின் மறுவரையறையில் அந்த மக்களவைத் தொகுதி கலைந்த பிறகு இன்றுள்ள புதுக்கோட்டை மாவட்டம். அதிலும் ஆறு துண்டுகள்தான். ஆனால் அவற்றுக்கு நான்கு வண்ணங்கள். இரண்டும் இரண்டு லட்சத்தில் ஒன்று என்ற அளவில், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு இருநூறு மீட்டர் என்ற கணக்கில் அமைகின்றன.

முதல் தோல்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைவேலைக்கு அஞ்சி, லேசர் வெட்டும் கடையொன்றில் கோப்பைக் கொடுத்தேன். தங்கள் இயந்திரத்தின் மேசைக்கு அடங்க வேண்டும் என்று என்னைக் கேட்காமலே படத்தைச் சிறிதாக்கிவிட்டார்கள். விளிம்பெல்லாம் கருகி வந்தது மட்டுமல்லாமல், அளவே மாறிப்போயிருந்தது. நூற்றிருபது ரிங்கிட் போனது. அன்று முதல் எல்லாமே, வளைவுகளை வெட்ட உதவும் மெல்லிய அலகுள்ள, கையால் ஓட்டும் ஃபிரெட்சா வாளில்தான்.

இரண்டாம் தோல்வி அந்த வாளால் வந்தது. என்னிடமிருந்த அலகு ஒரு முறை ஓடினால் அரை மில்லிமீட்டர் மரத்தைத் தின்றுவிடும். என் அளவில் அது நூறு மீட்டர் நிலம். இரண்டு தொகுதிகளைத் தனித்தனிப் பலகையில் வெட்டிச் சேர்த்தால் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு எல்லையை இழந்து, நடுவே ஓர் ஊரின் கண்மாயையே விழுங்கும் அளவுக்கு இடைவெளி விழுகிறது. ஆகவே அடுத்தடுத்த இரண்டு துண்டுகளையும் ஒரே பலகையில், ஒரே ஓட்டத்தில், ஒரே கோட்டில் பிரிக்க வேண்டும். அலகு நேர்க்குத்தாக நிற்பதும் முக்கியம். 9 மில்லிமீட்டர் பலகையில் ஒரு பாகை சாய்ந்தால்கூட மேல்விளிம்புக்கும் அடிவிளிம்புக்கும் 0.16 மில்லிமீட்டர் விலகிவிடும். துண்டு மேலிருந்து இறங்கும், கீழிருந்து ஏறாது. நான் இப்போது ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் நிறுத்தி, சிறு மூலைமட்டத்தை அலகோடு ஒட்டி வைத்துப் பார்க்கிறேன்.

மூன்றாம் தோல்விக்கு வாள் காரணமில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் மூன்று வாரம் பிடித்தது.

புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி என்ற மூன்று பெயர்கள் பழைய பட்டியலிலும் இருக்கின்றன, புதிய பட்டியலிலும் இருக்கின்றன. பெயர் மாறவில்லையே, எல்லையும் பெரிதாக மாறியிருக்காது என்று எண்ணி, எளிதில் கிடைத்த இன்றைய எல்லைகளையே அந்த மூன்று துண்டுகளுக்கும் எடுத்துக்கொண்டேன். குளத்தூரை மட்டும் பழைய ஆணையிலிருந்து வரைந்தேன். வெட்டிச் சேர்த்தால் ஒரு பக்கம் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, மறுபக்கம் விரல் நுழையும் ஓட்டை. நான்கைந்து இரவுகள் உப்புத்தாளை வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். தேய்த்துச் சரிசெய்யக்கூடிய பிழை அல்ல அது. 2008இல் குளத்தூர் என்ற தொகுதி கலைக்கப்பட்டு, கந்தர்வகோட்டை (தனி), விராலிமலை என்று இரண்டு தொகுதிகள் புதிதாக உருவாயின. அவற்றுக்கு இடம் கொடுப்பதற்காகச் சுற்றியிருந்த தொகுதிகளும் ஊர்களை விட்டும் பெற்றும் உருமாறின. பெயர் அப்படியே இருக்க, உள்ளிருந்த நிலம் நகர்ந்துவிட்டது. இரண்டு காலத்து எல்லைகளை ஒரே பலகையில் சேர்க்க முயன்றுகொண்டிருந்திருக்கிறேன்.

எனவே எல்லாவற்றையும் தூக்கி வைத்துவிட்டு வரைபடத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். மறுவரையறை ஆணைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஆணை ஒரு தொகுதியைக் கோட்டால் சொல்லாது, வட்டம், அதன் உட்பிரிவான பிர்கா, கிராமம் என்று பெயர்களை அடுக்கித்தான் சொல்லும். அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கிராம எல்லைப் படத்தில் தேடிப்பிடித்து, வண்ணப் பென்சிலால் நிரப்பி, நிறம் மாறும் இடத்தில் கோடு இழுக்க வேண்டும். பட்டி, வயல், குடி, கோட்டை என்று முடியும் பெயர்கள் நூற்றுக்கணக்கில் வரும் மண்ணில், ஆங்கில எழுத்தில் அச்சான பட்டியலை வைத்துக்கொண்டு லகரமா, ளகரமா, ழகரமா என்று தீர்மானிப்பது பெரும்பாடு. கோடு பல இடங்களில் கண்மாய்க் கரையோடு வளைந்து வளைந்து போகிறது. அந்த வளைவுகளை நேராக்கிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். நேராக்கினால் யாரோ ஒருவருடைய ஊர் வேறு தொகுதிக்குப் போய்விடும். அதனால் ஒன்றையும் நேராக்கவில்லை.

கோடு வரைந்து முடித்தபோதுதான் அந்தத் தொகுதி எப்படிப்பட்டது என்பது எனக்கு உறைத்தது. தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் பரப்பு 1,178 சதுர மைல். குளத்தூர், ஆலங்குடி, திருமயம் என மூன்று வட்டங்கள். 1948 மார்ச்சில் அது இந்தியாவோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. 1974 ஜனவரி 14 அன்றுதான் திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் நிலம் எடுத்துப் புதுக்கோட்டை மாவட்டம் அமைத்தார்கள். ஆனால் 1977 தேர்தலிலிருந்து நிலைத்த தொகுதியோ சமஸ்தானத்தின் எல்லையைப் பின்பற்றவில்லை, மாவட்டத்தின் எல்லையையும் பின்பற்றவில்லை. கோட்டையோடு நிற்கும் திருமயம், சமஸ்தானத்தின் மூன்று வட்டங்களில் ஒன்றாக இருந்தும், சிவகங்கைத் தொகுதிக்குப் போயிருந்தது. அதற்கு ஈடாகத் தஞ்சை மாவட்டத்துப் பட்டுக்கோட்டையும் பேராவூரணியும் இங்கே சேர்ந்தன. மானாவாரி மேட்டு நிலமும், காவிரியின் கல்லணைக் கால்வாய் பாயும் நஞ்சையும், பாக் நீரிணைக் கரையின் மீனவர் ஊர்களும் ஒரே உறுப்பினரிடம் முறையிட்டுக்கொண்ட தொகுதி அது.

என் தாத்தா அறந்தாங்கிக்குத் தெற்கே ஒரு சிற்றூரிலிருந்து நாகப்பட்டினம் வந்து ரஜூலா கப்பல் ஏறியவர். எண்பத்தொரு வயதான அத்தை போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தபோது, மேசைமேல் கிடந்த துண்டுகளைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“அப்பாவோட ஊரு எந்தத் துண்டுல இருக்கு, தம்பி?”

“அறந்தாங்கித் துண்டுல, அத்தை. ஆனா இப்ப அது ராமநாதபுரம் தொகுதியில சேர்ந்துபோச்சு.”

“ராமநாதபுரமா? அது சேதுபதி சீமையில்ல? அப்பா கடைசி வரைக்கும் தஞ்சாவூர் ஜில்லான்னுதானே சொன்னாரு.”

தாத்தா சொன்னதில் தவறில்லை. அவர் கிளம்பிய காலத்தில் அறந்தாங்கி தஞ்சாவூர் மாவட்டத்தில்தான் இருந்தது. பிறகு புதுக்கோட்டை மாவட்டம், புதுக்கோட்டைத் தொகுதி. இப்போது புதுக்கோட்டை மாவட்டம், ராமநாதபுரம் தொகுதி. அசையாமல் ஓரிடத்தில் இருக்கும் ஊரைச் சுற்றி எல்லைகள் இத்தனை முறை நகர்ந்திருப்பதை அத்தைக்கு விளக்கத் துண்டுகளைக் கையில் எடுத்துக் காட்டினேன். பலகை பயன்பட்ட முதல் தருணம் அதுதான்.

இரண்டாம் பலகையின் நான்கு வண்ணங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்றைய மாவட்டத்துச் சட்டமன்றத் தொகுதிகளுக்கு 178 முதல் 183 வரை தொடர் எண்கள்: கந்தர்வகோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி. தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளை 39 மக்களவைத் தொகுதிகளுக்குப் பகிர்ந்தால் தொகுதிக்கு ஆறு வரும். இந்த மாவட்டத்தில் சரியாக ஆறு இருந்தன. இருந்தும் கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சிக்கும், விராலிமலை கரூருக்கும், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கும், அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கும் போயின. 2009இல் ஒரே மாவட்டத்துக்கு ப. குமார், மு. தம்பிதுரை, ப. சிதம்பரம், ஜே. கே. ரித்தீஷ் என நான்கு மக்களவை உறுப்பினர்கள். விராலிமலைக்காரர் வாக்களிக்கும் கரூர்த் தொகுதியில் திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூரும் இருக்கிறது. அறந்தாங்கிக்காரருக்குத் துணையாக விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழி இருக்கிறது. நிலத்தொடர்ச்சியையும் நிர்வாக எல்லைகளையும் மக்களின் போக்குவரத்து வசதியையும் இயன்றவரை கருத வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மறுவரையறைச் சட்டமே சொல்கிறது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து மாநிலம் முழுவதையும் சமன்செய்ய வேண்டியிருந்தது என்பதை நான் உணர்கிறேன். ஆனாலும் ஆறும் கையிருப்பில் இருக்க, அவற்றை நான்காகப் பிரித்தது எனக்கு நியாயமாகப் படவில்லை. தொகுதியை மீட்டுத்தர வேண்டும் என்று புதுக்கோட்டை மக்கள் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது.

பலகையைச் சுற்றி வரும் சட்டத்தில் உறுப்பினர்களின் பெயர்களைச் சுடுபேனாவால் எழுதத் தொடங்கியிருக்கிறேன். 1952 முதல் 2004 வரை 14 பொதுத்தேர்தல்கள், 10 உறுப்பினர்கள். முதலாவது, கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் முத்துசாமி வல்லத்தரசு. நாடெங்கும் காங்கிரஸ் அலை அடித்த முதல் தேர்தலிலேயே அதற்கு மாறாக வாக்களித்த ஊர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. 1957இல் காங்கிரசின் ராமநாதன் செட்டியார். 1962இலும் 1967இலும் ஆர். உமாநாத், முதல் முறை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி, கட்சி பிரிந்த பிறகு இரண்டாம் முறை மார்க்சிஸ்ட். 1971இல் வீரையா, 1977இல் இளஞ்செழியன், 1980இல் சுவாமிநாதன். 1984, 1989, 1991 என மூன்று முறை தொடர்ந்து வென்ற என். சுந்தரராஜ் ஒருவரே அந்தப் பெருமைக்குரியவர். 1996இல் திருச்சி சிவா, 1998இலும் 1999இலும் ராஜா பரமசிவம், 2004இல் கடைசி உறுப்பினராக எஸ். ரகுபதி. கட்சி வண்ணம் பூசலாமா என்று யோசித்துக் கைவிட்டேன். உமாநாத் பெயருக்கு இரண்டு வண்ணம் வேண்டியிருக்கும், தவிர மரத்தின் நிறம் மறைந்துபோகும்.

மரத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நான் பயன்படுத்துவது ஜெலுத்தோங். கெப்போங் பக்கத்து மரக்கடையொன்றில், மேசை நாற்காலி செய்வோர் கழித்துப்போட்ட துண்டுகளாக வாங்கினேன். வெளிர் நிறம், சீரான இழை, வாள் சிக்காது. மெராந்தியில் இத்தனை நுண்ணிய வளைவுகளை வெட்டினால் முனைகள் சிதறிவிடும். பினாங்கில் இந்த மரத்தின் பெயரில் ஒரு நாடாளுமன்றத் தொகுதியே இருக்கிறது; கர்ப்பால் சிங் 1978 முதல் 1999 வரை அங்கே உறுப்பினராக இருந்தார். ஒரு குறை, நம் ஊர் ஈரப்பதத்தில் மரம் சற்றே உப்பும். மாலை மழைக்குப் பிறகு இறுகிய துண்டு மறுநாள் மதியம் தளரும். வெட்டிய துண்டுகளை நெகிழிப் பெட்டியில் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களோடு மூடி வைக்கிறேன்.

அடுத்ததாக நம் நாட்டுத் தொகுதி ஒன்றைச் செய்ய ஆசை. 1955 ஜூலை 27 தேர்தலில் மலாயா முழுவதற்கும் 52 தொகுதிகள்தாம். அவற்றில் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் வென்ற வட கிந்தா இன்று வரைபடத்தில் இல்லை. பெயர் மட்டும் மாறிய தொகுதி வேண்டுமென்றால் தெலுக் கெமாங் இருக்கிறது; 2018இல் அது போர்ட்டிக்சன் ஆகிவிட்டது. தோட்டத்து எல்லைகள் வரும் வட கிந்தாவையே முதலில் எடுப்பேன் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன் பேராவூரணி பாக்கி. கடற்கரை விளிம்பில் பொருந்த வேண்டிய பக்கத்துத் துண்டு ஏதுமில்லை. தவறினால் காட்டிக்கொடுக்க ஆளில்லாத கோடு அது. நல்ல அலகுகளில் மூன்று மட்டுமே மிச்சம். பட்டுக்கோட்டையோடு சேரும் பக்கத்தை முதலில் பிரித்துவிட்டு, அந்த மூன்றில் புதியதைக் கடலோரத்துக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை, மழைக்கு முன், அதை ஓட்டிப் பார்க்க வேண்டும்.