சிம்னி ஃபில்டரில் இறுகிய எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கியது

தீபாவளிக்குப் பலகாரம் சுட்டு முடித்ததில் இருந்து எங்கள் வீட்டுச் சிம்னி சத்தம்தான் போட்டதே தவிர, புகையை இழுக்கவில்லை. ஓடும்போது ஒரு தாளை ஃபில்டரில் வைத்துப் பார்த்தேன். இழுப்பு நன்றாக இருந்தால் தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கையை எடுத்ததும் விழுந்துவிட்டது.

முறுக்கு, கச்சாயம் எதுவானாலும் எங்களுக்குச் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய்தான். ஆவியோடு மேலே போகிற எண்ணெய்த் துளிகள் ஃபில்டரில் படிந்து, சூடும் காற்றும் பட்டுப் பட்டு இறுகிவிடுகின்றன. தேங்காய் எண்ணெய் இவ்வளவு சீக்கிரம் இறுகாது. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஃபில்டரைக் கழற்றினால், கீழ் விளிம்பில் வேலம்பிசின் மாதிரிப் பழுப்பாக உருண்டு தொங்கியது. நகத்தால் கீறினால் நூல் நூலாக வந்தது. அடுப்புக்கு நேர் மேலே இவ்வளவு எண்ணெய் இருப்பது தீப்பிடிக்கவும் வழி என்பதால், இதைத் தள்ளிப்போடவே கூடாது.

கழுவும் முன் ஃபில்டர் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுடையது தகடு தகடாக மடித்த ஸ்டீல் பேஃபிள். அதற்கு வாஷிங் சோடா தாராளமாகப் போடலாம். வலை வலையாக இருப்பது பெரும்பாலும் அலுமினியம். அதில் வாஷிங் சோடா பட்டால் கறுத்துவிடும். உள்ளே கரி ஃபில்டர் இருந்தால் அதைக் கழுவவே கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

ஃபில்டர் முழுதும் முங்குகிற அகலமான டப்பில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, பத்து லிட்டருக்கு அரை டம்ளர் கணக்கில் வாஷிங் சோடாவும், பாத்திரம் கழுவும் லிக்விட் கொஞ்சமும் கலந்தேன். கையுறை கட்டாயம், சோடா தோலை அரிக்கும். கோவையில் எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான்; கழுவுவதெல்லாம் போர் தண்ணீரில். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது. ஆனால் அந்தக் கடினத்தை வாஷிங் சோடாவே முறித்துவிடுகிறது, அதனால் நல்ல தண்ணீரை இதற்கு வீணாக்கத் தேவையில்லை. வினிகரும் சோடாவும் சேர்த்து ஊற்றச் சொல்கிறார்கள். பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒன்றை ஒன்று முறித்துவிடும். பிசுக்கு அப்படியே இருக்கும்.

முக்கால் மணி நேரம் தொடாமல் ஊறவிட்டேன். இங்கே பொறுமைதான் வேலை செய்கிறது. தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறி, மேலே பிசுக்கு மிதந்தது. அப்புறம் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை மடிப்புகளுக்குள் விட்டு இழுத்தால் வழித்துக்கொண்டு வந்தது. முனைகளிலும் எண்ணெய்க் கிண்ணத்திலும் மெல்லிய வழவழப்பு மட்டும் மிச்சம்.

"அரப்பைக் கொழச்சுத் தேச்சுப் பாரு கண்ணு, தலை எண்ணெயவே எடுக்குது, இது போகாதா?" என்றார் அத்தை. போய்விட்டது! ஸ்டீலில் கீறலும் இல்லை. கம்பி நாரைவிட இதுவே மேல் என்பேன்.

திருப்பூரில் தங்கச்சி வீட்டில் அலுமினிய வலை. அதற்கு நல்ல சூட்டில் வெந்நீரும் லிக்விடும் மட்டும். நேரம் கூடுதலாகப் பிடித்தது, தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டியிருந்தது, ஆனால் நிறம் கெடவில்லை. வலையை அழுத்தித் தேய்த்தால் நசுங்கிவிடும்.

கழுவியதை மொட்டை மாடி வெயிலில் சாய்த்து வைத்து, ஈரம் சுத்தமாக உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். அழுக்குத் தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். ஆறியதும் பிசுக்கு குழாய்க்குள் படிந்து அடைத்துவிடும். மேலே மிதப்பதைப் பழைய செய்தித்தாளில் ஒற்றி எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, மீதியைக் கழிவறையில் ஊற்றலாம். பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தென்னைக்கும் வாழைக்கும் விடுவது நம் பக்கத்து வழக்கம், ஆனால் சோடா கலந்த இந்தத் தண்ணீரை மட்டும் விடவே வேண்டாம். மண் இறுகி, வேர் கெட்டுவிடும்.