இரண்டாம் பக்கத்துக் கேள்விகள்

ஜூன் 3

இன்று மூன்று கர்ப்பிணிப் பெண்கள் எங்கள் மருத்துவ ஆய்வில் சேர ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். அடுத்து கேள்வித்தாள். அதன் முதல் பக்கம் சுலபம்: வயது, உயரம், ஹீமோகுளோபின், எத்தனையாவது பிரசவம். இரண்டாம் பக்கம் வந்ததும் என் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. எதுவரை படித்தீர்கள், எத்தனை அறை, கழிப்பறை தனியா பொதுவா, இந்த வீட்டுக்கு வந்து எத்தனை மாதம்? வருமானத்தைக் கேட்பதில்லை. கூலி வேலைக்காரர்களுக்கு அது வாரத்துக்கு வாரம் மாறும். அதனால் வீட்டுப் பொருள்களைக் கணக்கெடுத்து மதிப்பெண் போடுகிறோம்.

"என் குழந்தைக்கும் வீட்ல ஃபிரிட்ஜ் இருக்கிறதுக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்று ஒரு பெண் கேட்டாள். அவளுடைய ஹீமோகுளோபின் 8.1. கர்ப்பத்தில் 11க்குக் கீழே போனாலே ரத்தசோகை. "இது ஏம்மா இவ்வளவு இறங்குச்சு, அதைத் தெரிஞ்சுக்கத்தான்" என்றேன். அரை மனதாகத் தலையாட்டினாள்.

ஜூன் 9

அவளுக்கு இன்று பிரசவம். குழந்தை 1,900 கிராம். 2,500க்குக் கீழே என்பதால் எடை குறைவு, அதில் குழப்பமில்லை. ஆனால் 37 வாரம் நிறையும் முன்பே பிறந்ததா, நாள் நிறைந்தும் வளராமல் போனதா? யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முதல் மூன்று மாதத்து ஸ்கேன் இருந்தால் தெரிந்திருக்கும். இவள் முதன்முதலில் பரிசோதனைக்கு வந்ததே ஏழாம் மாதத்தில், வேலைக்கு லீவு கிடைக்காமல். தாமதமாக எடுக்கும் ஸ்கேன் குழந்தையின் அளவை வைத்து வாரத்தைக் கணிக்கிறது. வளர்ச்சி குறைந்த குழந்தைக்கு வாரத்தையும் குறைத்தே காட்டும்.

ஆக, வறுமை இரண்டாம் பக்கத்தில் மட்டும் இல்லை. முதல் பக்கத்து 'கர்ப்ப வாரம்' கட்டத்துக்குள்ளும் அது இருக்கிறது. வாரத்தைத் தவறாகக் கணிப்பது சின்ன விஷயமில்லை. குறைப்பிரசவ அபாயம் உள்ள தாய்மார்களுக்கு, குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காக, ஸ்டீராய்டு ஊசி போடுவது பற்றி ஆறு நாடுகளில், சுமார் ஒரு லட்சம் பிரசவங்களில் நடந்த ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. மொத்தத்தில் சிசு மரணம் குறையவில்லை, கூடியது. ஊசி பெற்றவர்களில் பலருக்குக் குறைப்பிரசவமே ஆகவில்லை. 2020இல் வெளியான இன்னொரு ஆய்வில் ஸ்கேன் வழியாக வாரத்தை உறுதிசெய்து, வசதியுள்ள மருத்துவமனைகளில் அதே மருந்தைக் கொடுத்தார்கள். மரணம் குறைந்தது.

எந்தச் சிகிச்சைப் பிரிவு என்பதைக் குலுக்கலில் முடிவுசெய்து மூடி வைத்திருந்த உறையைப் பிரித்தோம். வழக்கமான சிகிச்சைப் பிரிவு.

ஜூன் 20

கூட்டம். இரு பிரிவுத் தாய்மார்களின் படிப்பிலும் வித்தியாசம் தெரிகிறதே, புள்ளியியல் சோதனை செய்யலாமா என்று பேச்சு வந்தது. குலுக்கல் முறையில் ஒழுங்காகப் பிரித்திருந்தால் வித்தியாசம் தற்செயல்தான், சோதித்து என்ன பயன்? அதைவிட, குழந்தை பிறந்த 28ஆம் நாள் போய்ப் பார்க்கும் பின்தொடர்தலில் யார் விடுபடுகிறார்கள் என்று பார்க்கச் சொன்னேன். எண்ணிப் பார்த்தோம். பெரும்பாலும் குறைந்த மதிப்பெண் வீடுகள். அந்தக் குழந்தைகளை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், யாருக்காக இந்த ஆய்வோ அவர்களே அதில் இருக்க மாட்டார்கள்.

ஜூலை 7

28ஆம் நாள். அவள் வீடு பூட்டியிருந்தது. போன் எடுக்கவில்லை.

ஜூலை 9

பக்கத்து வீட்டு அம்மா வழி சொன்னார். வேலை கிடைத்த இடத்துக்கே குடிபோய்விட்டார்களாம். 'இந்த வீட்டுக்கு வந்து: 2 மாதம்' என்று நானே எழுதியிருக்கிறேன், அப்போதே இன்னொரு போன் எண்ணும் கேட்டிருக்க வேண்டும்.

குழந்தை 2,380 கிராம், நன்றாகப் பால் குடிக்கிறது. படிவத்தை நிரப்பினேன். 28ஆம் நாள் படிவத்தில் தாயின் ஹீமோகுளோபினுக்குக் கட்டம் கிடையாது. அவள் முகம் வெளுத்திருந்தது. வியாழக்கிழமை நானே பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.