நீ சொல்றியா, அது சொல்லுதா

கொருக்குப்பேட்டைல நடந்து மூணு மாசம் ஆச்சு, இன்னும் ஒரு குழந்தையோட அம்மா, நர்ஸான என்கிட்ட கேட்ட அந்த ஒரு கேள்விகிட்டயே நிக்கிறேன். "இன்னாக்கா, நீ சொல்றியா, இல்ல இந்த டேப்பு சொல்லுதா?"

எட்டு மாசக் குழந்தை, ரெண்டு நாளா இருமல். தூங்கும்போது முழுசா ஒரு நிமிஷம் மூச்சு எண்ணினேன், 46. மறுபடி எண்ணினா 48. ரெண்டு மாசத்துலேருந்து ஒரு வயசு வரைக்கும் 50 தொட்டாதான் வேக மூச்சுன்னு கணக்கு, அப்போ பதிலுக்கேத்த நிறம் காட்டுற என் கைல இருக்கற டேப்லட், அவ சொன்ன 'டேப்பு', பச்சைக்குத்தான் போகும், சாதாரண சளி, வீட்டுலயே பாத்துக்கலாம்னு. அடுத்த கேள்வி, குழந்தையால பால் குடிக்க முடியுதா, ஆமா இல்லன்னு ரெண்டே கட்டம். அவ சொன்னது, "குடிக்குதுக்கா, ஆனா முன்ன மாரி இஸ்து குடிக்கல." இதுக்கு எந்தக் கட்டம்?

நான் 'இல்ல'ன்னு தொட்டேன். பிங்க் வந்துச்சு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். அவ காசிமேட்டுல எறா உரிக்கப் போறவ, போகலன்னா அன்னிக்குக் கூலி இல்ல, அதான் அப்படிக் கேட்டா. "டேப்புதாம்மா சொல்லுது"ன்னுட்டேன்.

சாதாரண சளின்னு சாயங்காலமே அனுப்பிட்டாங்க. நல்லதுதானே, குழந்தைக்கு ஒண்ணும் இல்ல. பதினோரு வருஷமா குழந்தைங்களப் பாக்குறேன், அந்த முகம் எனக்கு சரியாப் படல, அதை எழுத அதுல இடமே இல்லயே. ஆனா "நான்தாம்மா சொல்றேன், எனக்கு பயமா இருக்கு"ன்னு சொல்லிருந்தா போயிருக்க மாட்டாளா? மாட்டான்னுதான் அப்போ நெனச்சேன். இப்போ அதுவும் சந்தேகமா இருக்கு, அவள நான் கேட்டுப் பாக்கவே இல்லயே.

இந்த விதியெல்லாம் எக்ஸ்ரேயும் டாக்டரும் பக்கத்துல இல்லாத கிராமத்துக்குன்னு யோசிச்சது, மூச்ச எண்ணியே நிமோனியாவக் கண்டுபிடிக்கிற வழி, எத்தனையோ குழந்தைங்களுக்கு அது உயிர், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. கும்மிடிப்பூண்டி தாண்டி ஒரு துணை சுகாதார நிலையத்துல இருக்கற ஃப்ரெண்டுகிட்ட சொன்னேன். "இங்கல்லாம் ஒரு நாள் பொழப்ப விட்டுட்டு பஸ் ஏறிப் போய் ஒண்ணுமில்லன்னு வந்தா, அடுத்த தடவ நெஜமா பிங்க் வந்தாலும் நகர மாட்டாங்கடி"ன்னா. சரி, நீயா இருந்தா எதைத் தொட்டிருப்பேன்னு கேட்டேன். ரொம்ப நேரம் லைன்ல ஒண்ணுமே பேசல.

ஒம்பதாம் மாச ஊசிக்கு அவ வந்தா. குழந்தை கொழுகொழுன்னு இருந்துச்சு. மடில வச்சுக்கிட்டு, "இன்னிக்கு டேப்பு இன்னா சொல்லுதுக்கா?"ன்னு கேட்டா, கிண்டல் இல்ல, நம்பித்தான் கேட்டா. கையப் பிடிச்சுக்கோம்மான்னு மட்டும் சொன்னேன்.