அடிக்குறிப்பில் இருந்த நிலம்

பிழை திருத்துவதுதான் என் பிழைப்பு. இருபது வருடமாக மற்றவர்கள் எழுதியதில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு புத்தகம் கைக்கு வந்தால் முதலில் அடிக்குறிப்புகளுக்குத்தான் போவேன். தப்புகள் அங்கேதான் பதுங்கியிருக்கும். அப்படிப்பட்ட நான் அடிக்குறிப்பைப் படிக்காமல் பங்கு வாங்கிய கதை இது.

இரவு படுக்கும் நேரத்தில் செல்போனில் ஒரு செய்தி: 'நிகர லாபம் மூன்று மடங்கு'. மறுநாள் சந்தை திறந்ததும் வாங்கிவிட்டேன். ஒரு வாரம் அசையாமல் கிடந்தது, அப்புறம் இறங்கத் தொடங்கியது. என்னதான் ஆச்சு என்று அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்குக் கொடுத்திருந்த அசல் அறிக்கையைத் தேடி எடுத்தேன். சில பக்கங்கள்தான். அட்டவணையில் 'இதர வருமானம்' என்ற வரி முந்தைய காலாண்டுகளைவிட ரொம்பவே பருத்திருந்தது. பக்கத்தில் குட்டியாக ஒரு 4. கீழே நாலாவது குறிப்பில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும் அளவு எழுத்தில், பயன்பாட்டில் இல்லாத ஒரு நிலத்தை விற்ற லாபமும் இதில் சேர்ந்திருக்கிறது என்று போட்டிருந்தார்கள். நிலத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் லாபம் முந்தைய வருடத்தைவிடக் குறைவு. யாரும் பொய் சொல்லவில்லை. நிறுவனம் எழுதித்தான் இருந்தது. செய்தி போட்டவர் அதைப் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை.

அதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். செய்தியை எங்கே படித்தாலும் சரி, அசல் எங்கே இருக்கிறது என்று தேடிவிடுவேன். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் அறிவிப்புகளைப் பங்குச் சந்தைகளே தங்கள் இணையதளத்தில் போடுகின்றன. அமெரிக்க நிறுவனம் என்றால் அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பான எஸ்.இ.சி.யின் 'எட்கர்' தளம் இருக்கிறது. காசு வேண்டாம், கணக்குத் தொடங்கவும் வேண்டாம். பெயரைப் போட்டால் ஆண்டறிக்கை '10-கே' என்றும் காலாண்டு அறிக்கை '10-கியூ' என்றும் வரிசையாக வந்து நிற்கும். நடுவில் ஏதாவது முக்கியமாக நடந்தால் அதற்கு '8-கே'. பெரும்பாலும் நாலு வேலை நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். பார்க்க அழகாக இருக்காது. எழுபதுகளின் தட்டச்சுப் பிரதிபோல வறட்சியாக இருக்கும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

ஆண்டறிக்கையை எப்படிப் படிப்பது என்று பலர் மலைக்கிறார்கள். நான் பின்னாலிருந்து படிக்கிறேன். முதலில் தணிக்கையாளர் அறிக்கை, பிறகு கணக்குகளுக்கான குறிப்புகள், அதற்கப்புறம் பணப் பாய்வு அறிக்கை. லாபம் ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் தொழிலிலிருந்து கையில் பணம் வரவில்லை என்றால், விற்ற சரக்குக்குப் பணம் வராமல் நிற்கிறதா என்று பார்ப்பேன். வண்ணப் படங்களோடு முன்னால் இருக்கும் தலைவர் கடிதம் கடைசியில்தான்.

இன்னொன்று என் தொழிலிலிருந்து வந்தது. நாங்கள் பழைய புரூஃபையும் புதிய புரூஃபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோம். அதேபோல இந்த வருட அறிக்கையில் 'இடர்கள்' பகுதியையும் போன வருடத்தையதையும் இரண்டு ஜன்னல்களில் திறந்து வைத்துக்கொள்வேன். பெரும்பகுதி அப்படியே நகலெடுத்ததாக இருக்கும். எந்த வாக்கியம் புதிதாக முளைத்திருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்பதுதான் கணக்கு. ஒருமுறை 'எங்கள் வருமானத்தில் கணிசமான பங்கு சில வாடிக்கையாளர்களிடமிருந்து வருகிறது' என்பது அடுத்த வருடம் 'ஒரு வாடிக்கையாளரிடமிருந்து' என்று மாறியிருந்தது. ஒருமை பன்மைப் பிழை என்று முதலில் கை துறுதுறுத்தது. பிழை இல்லை. மற்றவர்கள் போய்விட்டார்கள்.

செய்தித் தளங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ராய்ட்டர்ஸ் போன்ற செய்தி நிறுவனங்களின் தலைப்புகளைத் தினம் மேய்கிறேன். ஆனால் தேதியைப் பார்க்காமல் உள்ளே போவதில்லை. 2008 செப்டம்பர் 8 அன்று நடந்தது நினைவிருக்கிறதா? யுனைடெட் ஏர்லைன்ஸ் 2002-இல் திவால் பாதுகாப்புக் கோரியபோது வந்த செய்தி ஒன்று, ஒரு நாளிதழின் இணையக் கிடங்கிலிருந்து தேதி இல்லாமல் மேலே மிதந்து வந்தது. தேடுபொறி அதைப் புதுச் செய்தியாக எடுத்துக்கொண்டது, அங்கிருந்து வர்த்தகர்களின் திரைகளுக்குப் போனது. 12 டாலர் பக்கம் இருந்த பங்கு சில நிமிடங்களில் 3 டாலருக்கு விழுந்தது. வர்த்தகத்தை நிறுத்தித்தான் சமாளித்தார்கள். நிறுவனம் திவாலிலிருந்து வெளியே வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது!

பெயரும் அப்படித்தான். வீடியோ அழைப்புக்குப் பயன்படும் ஜூம் நிறுவனத்தின் பங்குக் குறியீடு, அதாவது சந்தையில் அந்தப் பங்குக்கான சுருக்கப் பெயர், இசட்.எம். ஆங்கிலத்தில் 'ZOOM' என்ற நாலெழுத்துக் குறியீடு வேறொரு சின்ன நிறுவனத்திடம் இருந்தது. ஊரடங்கு நேரத்தில் ஆட்கள் பெயர் குழம்பி அதை வாங்கித் தள்ளியதில், 2020 மார்ச்சில் எஸ்.இ.சி. அதன் வர்த்தகத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. ஒரு எழுத்து மாறினால் பொருள் மாறும் என்று காலம் முழுக்கச் சொல்லிவருகிறேன், வீட்டில் யாரும் கேட்பதில்லை.

கற்றுக்கொள்ள வேண்டும் என்றால், நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் அஸ்வத் தாமோதரனின் இணையதளத்தைச் சொல்வேன். ஒரு நிறுவனத்தை எப்படி மதிப்பிடுவது என்று வகுப்பில் நடத்தும் பாடங்களையே இலவசமாகப் போட்டிருக்கிறார். துறைவாரியான லாப விகிதம், கடன் அளவு போன்ற தரவுகளை ஒவ்வொரு வருடமும் ஜனவரியில் புதுப்பிக்கிறார். முதல் மூன்று பாடத்தில் தலை சுற்றியது. நாலாவதில் ஒரு பக்கம் குறிப்பெடுத்தேன். அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் தன் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதங்கள் 1977 முதல் அவருடைய நிறுவனமான பெர்க்‌ஷயர் ஹாத்தவே தளத்தில் கிடைக்கின்றன. தன் தவறுகளை அவரே எழுதியிருக்கும் இடங்களை மட்டும் தேடிப் படித்தாலும் போதும்.

யூடியூபில் நல்லவர்களும் இருக்கிறார்கள். வாயைப் பிளந்த முகமும் சிவப்பு அம்புக்குறியும் முகப்புப் படத்தில் இருந்தால் நான் திறப்பதில்லை. டிப்ஸ் கொடுக்கும் டெலிகிராம் குழுக்களிலிருந்து மொத்தமாக வெளியேறிவிட்டேன். நமக்கு முன்னால் வாங்கி வைத்துக்கொண்டு, நாம் வாங்கும்போது விற்கிறவர் யார் என்று அங்கே தெரியவே தெரியாது.

அலர்ட் விஷயத்தில் கஞ்சன் நான். கையில் இருக்கும் ஏழு நிறுவனங்களுக்கு மட்டும் மின்னஞ்சல் வரும்படி வைத்திருக்கிறேன், விலைக்கு அல்ல, அறிவிப்புகளுக்கு. சனிக்கிழமை காலையில் உட்கார்ந்து படிப்பேன். காலாண்டு முடிவுக்குப் பிறகு நிர்வாகத்தோடு நடக்கும் கான்ஃபரன்ஸ் காலின் எழுத்து வடிவம் கிடைத்தால் கேள்வி–பதில் பகுதிக்கு நேராகப் போய்விடுவேன். ஒரே கேள்வியை மூன்று பேர் மாற்றி மாற்றிக் கேட்டிருந்தால் பதில் வரவில்லை என்று அர்த்தம்.

போன வாரம் மச்சான் கூப்பிட்டார். "மச்சான், ஷேர் பத்தித் தெரிஞ்சிக்க நல்லதா ஒரு ஆப் சொல்லுங்களேன்." அவர் வாங்கி வைத்திருக்கும் நிறுவனத்தின் ஆண்டறிக்கையை அனுப்பினேன், 212 பக்க பி.டி.எஃப். இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் ஒரு செய்தி வந்தது: "முதல் பக்கத்துல கோட்டு போட்டுக்கிட்டு ஒருத்தர் சிரிச்சிக்கிட்டு நிக்கிறாரே, அவர் யாரு?"

சேர்மன். அவரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், 140-ஆம் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.